வளையம்மையின் மூளிப்பானை

கொட்டிக்குளத்துக் கரையில் ஒரு பெருச்சாளி இருந்தாள். பேர் வளையம்மை. அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் யானை, அப்புறம் மிளா, அப்புறம் மான், குரங்கு, கீரி. எல்லாரும் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, கடைசியில் வளையம்மை. “நீ வந்தா தண்ணி கலங்கிரும்” என்பார்கள். யானை இறங்கிக் குளித்தால் கலங்காத தண்ணீர், பெருச்சாளி மூக்கை வைத்ததும் கலங்கிவிடுமாம்! கேட்க நாதியில்லை.

ஆனால் அந்த வரிசை மாறவும் ஒரு வழி இருந்தது. பங்குனி பிறந்தால் குளம் வற்ற ஆரம்பிக்கும். மிஞ்சின தண்ணீரில் கொக்கும் நாரையும் இறங்கி நின்று மீன்குஞ்சுகளைப் பொறுக்கித் தின்னும். அதனால் தாய்க்கெண்டை தன் குஞ்சுகளை ஆனிச் சாரல் வரைக்கும் கரையில் யார் வீட்டிலாவது விட்டுவைப்பாள். வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவருக்கு அந்த வருஷம் முதல்வாய்த் தண்ணீர். யானையே ஆனாலும் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அந்த முதல் வாய்க்கு வளையம்மை எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். முந்தின இரண்டு கோடையிலும் பானையில் தண்ணீர் வைத்து, செடி நட்டு, ஒத்திகை பார்த்தாள். இரண்டும் நாறிப்போயின. காரணம் வேறு யாருமில்லை, அவள் கைதான். மண்ணைக் கண்டால் பெருச்சாளிக் கை சும்மா இருக்குமா? வேர் பிடிச்சிருக்கா, அடியில் என்ன இருக்கு என்று தோண்டிவிடுவாள். செடி மிதக்கும், சேறு கிளம்பும், மூன்றாம் நாள் பானைப் பக்கம் போக முடியாது.

இந்த வருஷம் சபதமே போட்டாள். தேனெடுக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன, வாய் உடைந்த ஒரு மூளிப்பானையை உருட்டிக்கொண்டு வந்து, இலுப்பை மரத்தடியில் காலை வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். அடியில் நாலு விரல் குளத்துச் சேறு. அதன்மேல் இரண்டு விரல் ஆற்றுமணல். நடுவில் கொட்டிக் கிழங்கு, ஓரமெல்லாம் வேலம்பாசி. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு நத்தையையும் கூப்பிட்டு விட்டாள்.

நத்தை உள்ளே இறங்குவதற்கு முன் கேட்டது. “மதினி, இந்த வருஷமாவது கையை அடக்குவீங்களா, இல்ல நான் வேற வீடு பார்க்கட்டுமா?”

“கை வச்சா என் பேரு வளையம்மை இல்ல.”

“போன வருஷமும் இதே பேருதான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு நத்தை இறங்கியது.

அஞ்சாம் நாள் தாய்க்கெண்டை செவந்தி வீடு பார்க்க வந்தாள். தேக்கிலைத் தொன்னையில் தண்ணீர் விட்டு, அவளை ஏந்திக்கொண்டு வந்தவன் மகுடன் என்கிற குரங்கு. அவனும் ஒரு தொட்டி வைத்திருந்தான். எப்பேர்ப்பட்ட தொட்டி! மலைமேல் ஒரு பாறைக்குழி. அடியில் மூன்று தரம் கழுவின வெள்ளைக் கூழாங்கல். மருந்துக்குக்கூட மண் கிடையாது. தும்பையன் என்கிற யானைக்கு விளாம்பழம் கொடுத்துப் பேசிவைத்திருந்தான். தும்பையன் தினமும் பழைய தண்ணீரை உறிஞ்சிக் கொட்டுவான், ஓடையிலிருந்து புதுத் தண்ணீர் ஊற்றுவான், நேரா நேரத்துக்குத் தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டு ஊதுவான். தண்ணீர் குபுகுபுவென்று பொங்கும். பார்த்தால் கண் கூசும்.

அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வளையம்மையின் பானை எப்படித் தெரியும்? தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது.

“இதுலயா என் பிள்ளைகளை விடச் சொல்றே?” என்றாள் செவந்தி.

“கொஞ்ச நாள்ல தெளிஞ்சிரும், அக்கா. செடி இப்பத்தான் வேர் விடுது.”

மகுடன் சிரித்தான். “பெருச்சாளி வீட்டுல சேறு இல்லாம சந்தனமா இருக்கும்? வாங்க, போவோம்.”

நாற்பத்து மூன்று குஞ்சுகளில் நாற்பதை மகுடன் எடுத்துக்கொண்டான். மூன்று நோஞ்சான்களைத் தள்ளிவிட்டான். “இதுங்க என் தொட்டிக்கு அழகா இருக்காது.” பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. போகிற போக்கில் அந்த மூன்றையும் வளையம்மையின் பானையில் விடச் சொன்னாள். வளையம்மைக்கு அழுகை வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று என்றாலும் உயிர்தானே.

அன்றைக்கே அவள் கை தோண்டத் துடித்து ஊற ஆரம்பித்தது. சேற்றைக் கொஞ்சம் கிளறி எடுத்துவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும், குரங்கு வாயை மூடிவிடலாம் என்று தோன்றியது. விரல் தண்ணீரைத் தொடப் போயிற்று.

“மதினி” என்றது நத்தை.

வளையம்மை திரும்பிக் கரைக்குக் கீழே ஓடினாள். ஊற்றுக்கண் கசிகிற களிமண்ணில் ஆத்திரம் தீரத் தோண்டினாள். அதுமுதல் அதுவே வழக்கமாயிற்று. கை ஊறினால் கீழே ஓடிக் குழி தோண்டுவாள். யாராவது பார்த்தால் ‘பெருச்சாளி புத்தி போகுமா’ என்பார்களே என்று, குழியைச் சருகு போட்டு மூடிவைத்தாள்.

பானைக்குச் செய்த வேலை ஒன்றுமில்லை. வற்றின அளவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு சிட்டிகை தினைமாவு போடுவாள். மற்றதைப் பானையே பார்த்துக்கொண்டது. மீன் போட்ட கழிவைச் செடி தின்றது. அழுகின இலையை நத்தை தின்றது. ஒருநாள் காலை வெயிலில் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. வேலம்பாசி நுனியெல்லாம் முத்து முத்தாய்க் காற்றுக் குமிழி. அதற்கு நடுவில் மூன்று நோஞ்சான்களும் வயிறு புடைத்துத் துள்ளிக்கொண்டிருந்தன. வளையம்மைக்கு நெஞ்சு கொள்ளவில்லை. போகிற கீரி, வருகிற அணில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். “என் பானையைப் பார்த்தீங்களா? யானை ஊதலே, குரங்கு கழுவலே. தானா நிக்குது.” கீரி கொட்டாவி விட்டுக்கொண்டே போயிற்று. போனால் போகட்டும், அவளுக்கென்ன?

செடி மிஞ்சி வளர்ந்தபோது நறுக்கினாள். நத்தைக்கும் குட்டிகள் பெருகின. மிஞ்சினதையெல்லாம் கீழே குழியில் கொண்டுபோய்ப் போட்டாள். குழியில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து நின்றிருந்தது. தண்ணீர் நின்ற இடத்தைத் தொடாமல் ஓரத்தையே தோண்டிக்கொண்டு போனாள்.

சித்திரை முடிகிற சமயம் ஓடை வற்றியது. யானைக்கூட்டத்துத் தலைவி, தண்ணீர் இருக்கிற காட்டுக்குக் கிளம்பலாம் என்றாள். அவள் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. தும்பையன் வாயில் விளாம்பழத்தோடு கிளம்பிவிட்டான்.

மகுடன் முதல்நாள் தானே வாய் வைத்து ஊதினான். கன்னம் பலாச்சுளையாய் வீங்கியது. இரண்டாம் நாள் தலை சுற்றி விழுந்தான். குஞ்சுகள் இளைத்துப் போகுமே என்று இரை மட்டும் அள்ளி அள்ளிப் போட்டான். தின்னாத இரை கூழாங்கல் சந்தில் அழுகியது. தின்ன நத்தை இல்லை, உறிஞ்சச் செடி இல்லை. மூன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் செத்து மிதந்தன. மீதி மேலே வந்து வாயைப் பிளந்தன.

மத்தியானம் மகுடன் இலுப்பை மரத்தடிக்கு வந்து நின்றான். வீங்கின கன்னத்தோடு பேச்சு குழறியது. “வளையம்மை, பிள்ளைக சாகுது. உன் பானையில இடம் கொடு.”

வளையம்மைக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சேறுன்னு சிரிச்சீங்களே அண்ணாச்சி, என்று கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் அவள் கண் பானைக்குள் போயிற்று. முப்பத்தொன்றையும் இதில் விட்டால் அவளுடைய மூன்றும் சேர்ந்து சாகும். பானை சின்னது. விடாவிட்டால் அங்கே அத்தனையும் சாகும்.

பெருச்சாளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னாள். “பானையில இடமில்ல, அண்ணாச்சி. என் பின்னால வாங்க. பார்த்துட்டுச் சிரிக்கக் கூடாது.”

கரைக்குக் கீழே போய், முதல்தடவையாகச் சருகு முழுவதையும் விலக்கினாள். அவளே திகைத்துப் போனாள். ஒன்றரை மாசமாகத் தோண்டின குழி, ஒரு எருமை படுக்கிற அகலத்துக்கு இருந்தது. போட்ட பாசி சருகுச் சந்து வெயிலிலேயே வேர் பிடித்துப் பந்தல் போட்டிருந்தது. நத்தைக் குட்டிகள் ஊர்ந்தன. தண்ணீரில் கூழாங்கல்லைப் போட்டால் அது அடியில் படுத்திருப்பது தெரியும்.

மகுடன் சிரிக்கவில்லை. “இதை எப்ப கட்டினே?”

“கட்டலை. கை ஊறுச்சு” என்றாள் வளையம்மை.

தொன்னை தொன்னையாக மகுடன் சுமந்தான். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொன்றும் குழிக்கு வந்து சேர்ந்தன. பாசிக்கடியில் நுழைந்து ஒவ்வொன்றாய் வாயை மூடின. அதைப் பார்த்த பிறகுதான் மகுடன் உட்கார்ந்தான்.

ஆனியில் சாரல் விழுந்தது. குளம் நிரம்பியது. முப்பத்து நான்கு கெண்டைகள் செவந்தியிடம் திரும்பின. அதில் பெரிசு எது தெரியுமா? அந்த மூன்று நோஞ்சான்கள்தான். செவந்தி செத்த ஒன்பதுக்காகவும் அழுதாள், வந்தவற்றைப் பார்த்தும் அழுதாள். பிறகு தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கி, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “முதல் வாய் வளையம்மைக்கு.”

திரும்பி வந்திருந்த தும்பையன் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான். மிளா ஒதுங்கியது. வளையம்மை வாலைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்தாள். மூக்கை வைத்தாள். கொஞ்சம் சேறு கிளம்பத்தான் செய்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் அவசரப்படாமல் வயிறு முட்டக் குடித்தாள். இரண்டு வருஷத் தாகம் அல்லவா.

கரையேறினபோது மகுடன் ஒரு காலிப் பானையோடு நின்றான். “ஒரு கை சேறு கொடேன், வளையம்மை. அடுத்த வருஷத்துக்கு.”

“சேறு எவ்வளவு வேணும்னாலும் தாரேன், அண்ணாச்சி. போட்ட பிறகு கையை எங்க வைப்பீங்க?”

மகுடன் யோசித்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தவர் வீட்டில்தான் உயிர் தழைக்கும்.