கடல் வெயிலை உரித்த கண்ணாடி

நம்புகிறவர்கள் முன்னால் உட்காரலாம், நம்பாதவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரலாம். கடற்கரை பெரிசு, ரெண்டு கூட்டத்துக்கும் இடம் உண்டு.

பிரகாசி ஏலக்கூடத்து நிழலில் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவளைப் போலவே வள்ளம் திரும்பக் காத்திருக்கும் ஏழெட்டுப் பெண்கள். நேர் எதிரே ரொசாரி மைனி. பிரகாசிக்கு அன்றைக்கு வாய் ஓயவில்லை. ஓய்ந்தால் வயிற்றுக்குள் கிடக்கிற பயம் மேலே ஏறிவிடும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் சந்தியாகு, கஸ்பார் சம்மாட்டியின் சொந்த வள்ளத்தில் அணியத்தில் நிற்கிறவன். அதாவது வள்ளத்து முன்மூக்கில் நின்று தண்ணீரின் நிறம் பார்த்து, மீன் கூட்டம் இருக்கும் பக்கம் கையைக் காட்ட வேண்டும். கை நீண்ட இடத்தில்தான் வலை விழும். போன மாதம் அவன் ஒரு மேகத்தின் நிழலைச் சாளைக் கூட்டம் என்று காட்டிவிட்டான். வலை நிறையச் சொறிமீன் வந்தது. வள்ளத்தில் போன அத்தனை பேரும் ஆறு நாள் சொறிந்துகொண்டே திரிந்தார்கள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, தூரப்பார்வை போய்விட்டது, மைனஸ் மூன்று என்றார். கஸ்பாரும் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே தடவை, அதிலும் கை தப்பினால் அணியம் ஜெர்வாசுக்கு. ஜெர்வாஸ் யார் என்றால், அதே வள்ளத்தில் வலை இழுக்கிறவன், ரொசாரி மைனியின் சொந்தத் தம்பி.

அந்த ஒரே தடவைதான் இன்றைக்கு.

கண்ணாடி வாங்கிய கதையைப் பிரகாசி உண்மையில்தான் தொடங்கினாள். பவரும் இருக்க வேண்டும், தண்ணீர் மேல் அடிக்கிற பளபளப்பையும் வெட்ட வேண்டும், அதற்குப் போலரைஸ்டு என்று பெயர். பெரிய கடையில் கேட்ட விலைக்குப் புது வலையே எடுக்கலாம். அதனால் பஸ் நிலையத்துச் சந்துக் கடைக்குப் போய், கோயில் திருவிழாவில் வாங்கிய பழைய கூலிங் கிளாசை நீட்டி, பிரேம் என்னுடையது, வில்லையை மட்டும் மாட்டித் தா என்றாள். மாட்டித் தந்த பிறகும் விடவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைக்கச் சொல்லி, சேலையில் குத்தியிருந்த ஊக்கை உள்ளே போட்டு, சந்தியாகுவைப் பார்க்க வைத்தாள்.

“ஊக்கு தெரிஞ்சுதா?” என்றாள் ஒருத்தி.

ஊக்கு என்ன ஊக்கு, அதைச் செய்த கம்பெனிக்காரன் கைரேகையே தெரிந்தது என்றாள் பிரகாசி. உண்மை அந்த இடத்தில் கூடையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

நேற்றுச் சாயங்காலம் அவன் அதைப் போட்டுக்கொண்டு கரையில் நின்றானாம். காய்ச்சின பாலில் ஆடையை ஒதுக்குகிற மாதிரி கடல் மேலிருந்த வெயில் அப்படியே ஒதுங்கிக் கொடுத்ததாம். அடியில் ரெண்டு நண்டுக்குள் எல்லைத் தகராறு. ஒன்று கொடுக்கால் கோடு போட, இன்னொன்று அழிக்க. எந்த நண்டு பக்கம் நியாயம் என்பதுகூடத் தெரிந்ததாம். அதற்குள் மீன்களுக்குச் சேதி எட்டிவிட்டது. கண்ணாடியில் முகம் பார்க்க வரிசை கட்டி மேலே வந்து, தலை சீவிக்கொண்டு போயின.

“மீனுக்கு ஏதுடி தலைமுடி?” என்றாள் ரொசாரி.

“முடி இல்லாததுக சும்மா பாத்துட்டுப் போச்சு மைனி. கெளுத்திக்கு மீசை இருக்குல்ல, அது ஒதுக்கி விட்டுட்டுப் போச்சு.”

சிரிப்பு அடங்குமுன் பிரகாசி கடலைத் தாண்டிவிட்டாள். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தானாம், இலங்கைக் கரையில் ஒரு வீட்டு அடுப்படி. ஒருத்தி சொதி வைத்து இறக்குகிறாள், உப்புப் போட மறந்துவிட்டாள். உப்பு இல்லாதது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ரொசாரி மடக்கினாள். அவள் புருஷன் சாப்பிட்ட முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்றாள் இவள்.

இந்த நேரத்தில் மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. மீன் சொற்பம். அவர்கள் கொண்டுவந்த சேதி அதைவிட மோசம். கஸ்பார் வள்ளத்தில் ஜிபிஎஸ் பெட்டி செத்துப்போச்சாம், திசை தெரியாமல் தெற்கே போனதைப் பார்த்தார்களாம். ரொசாரி கொண்டையை அவிழ்த்து நிதானமாக முடிந்துகொண்டாள். அது சொன்னதே போதும்.

பிரகாசிக்கு அப்போதும் வாய் மட்டும் தளரவில்லை. தெற்கே போனது வழி தவறியில்லை, அங்கே மீன்கள் தாமாகவே சரணடைய நூறு நூறாகப் பிரிந்து நிற்கின்றன, ஏலக்காரருக்கு எண்ணுகிற வேலை மிச்சம் என்றாள். இந்தத் தடவை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

கஸ்பார் வள்ளம் வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. முதலில் பிரகாசிக்கு வள்ளமே தெரியவில்லை, அத்தனை தாழ்ந்து வந்தது. தாழ்ந்து வந்தது பாரத்தால் என்று புரிந்ததும் கூடையிலிருந்து எழுந்தாள். வள்ளம் முழுக்கச் சாளை, பாதம் வைக்க இடமில்லை.

நடந்ததைக் கஸ்பார் சொன்னார். விடிந்ததும் சந்தியாகு குனிந்து பெட்டியைப் பார்த்திருக்கிறான், ஒரே கறுப்பு. செத்துப்போச்சு என்றான். பாட்டரி தீப்பிடித்துவிடும் என்று கஸ்பாருக்கு எப்போதுமே நடுக்கம், உடனே வயரைப் பிடுங்கிவிட்டார். பிறகு கோயில் கோபுரமும் உப்புக் குவியலும் ஒரே நேராக வரும்படி வைத்து, அந்தக் காலத்து அடையாளத்திலேயே ஓட்டினார்கள். பெட்டி ஒருநாளும் கூட்டிப்போகாத இடம். தண்ணீர் மேல் வெயில் தகரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது, யார் கண்ணுக்கும் ஒன்றும் இல்லை. சந்தியாகு கையை நீட்டினான். ஜெர்வாஸ் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். மேகம் ஒன்றுகூட இல்லை. வலையைப் போட்டார்கள்.

கரைக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்ட வயரை மாட்டினால், பெட்டி பளிச்சென்று எரிகிறது. சந்தியாகு முகம் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. போட்டால் பெட்டி இருட்டு, கழற்றினால் வெளிச்சம். போலரைஸ்டு வெட்டியது தண்ணீர் வெளிச்சத்தை மட்டுமல்ல, திரை வெளிச்சத்தையும்தான். ஒவ்வொருவரும் வாங்கி மாட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்து நிமிர்த்தி, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நாளையிலேருந்து பெட்டியை ஜெர்வாஸ் பாக்கட்டும். அணியத்துல நீயே நில்லு சந்தியாகு,” என்றார் கஸ்பார்.

பிரகாசி அப்போதுதான் கவிழ்த்துப் போட்ட கூடையை நிமிர்த்தினாள். சந்தியாகு அவளைப் பார்த்தான், அவள் மீனைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

ரொசாரி லேசில் விடுகிறவளா. “இலங்கையில உப்பில்லாத சொதி தெரிஞ்ச கண்ணாடிக்கு, ஒரு சாண் தள்ளி இருக்கிற பெட்டி தெரியலையோ?”

“தெரியாம என்ன மைனி. பெட்டிக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் பாத்துருக்கு. அந்தப் பக்கம் சாட்டிலைட் நிக்கிற எடம் வரைக்கும் ஒரே இருட்டுதான. இருக்கிறதத்தான் காட்டும்.”

ரொசாரி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அந்த இருட்டுல எங்கயாவது ஒன் வாய்க்கு ஒரு மூடி கெடந்தா, நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்லு.”