வேதகிரி மூடிய ஏரி

திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் வேதகிரி, ஓய்வு பெற்ற அரசு டைப்பிஸ்ட். ஒரு பக்க மனுவுக்கு நாலு பக்கப் புளுகு இலவசம். அன்றைக்கு அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர் அஞ்சுகம். மூன்று வருஷமாக மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், நிவாரணம் மட்டும் வந்தபாடில்லை. பன்னிரண்டு மணிக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். அவருக்குப் பின்னால் வரிசையில் ஆட்டோ ஓட்டும் அமானுல்லாவும் நானும்.

“ஏரி விஷயமா எழுதணும்ணா” என்று அஞ்சுகம் சொன்னதுதான் தப்பு. வேதகிரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏரியா? இந்த ஒத்தை விரல் போதும்மா, ஒரு ஏரியையே காணாம அடிச்சேன்! தூர்வாரச் சொல்லி ஆர்டர். நான் தயிர் சாதம் சாப்பிட்டுட்டு உக்காந்து அடிக்கிறேன். ‘ஏரியைத் தூர்வாரவும்’னு அடிக்க வேண்டியதை ‘ஏரியைத் தூர்க்கவும்’னு அடிச்சிட்டேன். சேத்தை வாரி எடுன்னு சொல்ல வேண்டியது, மண்ணைக் கொட்டி மூடுன்னு ஆயிடுச்சு. எட்டு அதிகாரி கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தர் படிக்கணுமே! மூணே நாள், இருநூறு ஏக்கர் ஏரி சமதரை!”

அமானுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. “எங்க தெருப் பள்ளத்தை முப்பது வருஷமா மூடல. ஏரியை மூணு நாள்ல மூடிட்டாங்களாக்கும்?”

“சரியான ஆர்டர்னா முப்பது வருஷம்தான்பா. தப்பான ஆர்டர்னா மூணு நாள். சர்வீஸ்ல இருந்தவனைக் கேளு.”

“அண்ணா, மணி பதினொண்ணரை” என்றார் அஞ்சுகம்.

“இரும்மா. ஐப்பசி மழை வந்துச்சு. தண்ணி தன் ஏரியைத் தேடிப் போச்சு, காணோம். நேரா ஆபீசுக்கு வந்துடுச்சு. செக்யூரிட்டி டோக்கன் வாங்கச் சொன்னான். என் கண்ணால பார்த்தேன், டோக்கன் வாங்கிட்டு ஒரு மணி நேரம் வராண்டாவுலயே நின்னுச்சும்மா! சாப்பாட்டு நேரம் ஆகியும் யாரும் கூப்பிடல. அப்புறம்தான் கோவம் வந்து உள்ள நுழைஞ்சுது.”

“தண்ணிக்குக் கோவமா!” என்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“சிரிங்க சார். அன்னிக்குத்தான் அந்த ஆபீஸ்ல ஃபைல் நகர்ந்துச்சு! பத்தொன்பது வருஷமா அசையாத ஃபைலெல்லாம் மிதந்து மேஜை விட்டு மேஜை போகுது. ஒரு கெளுத்தி மீன் வாலால ரெண்டு தட்டு தட்டிச்சு, நாப்பது பென்ஷன் சாங்ஷன்! கோப்புகளை விரைவா நகர்த்தினதுக்காக ஆபீசுக்கே விருது குடுத்தாங்க. மாலை எனக்குத்தான்.”

“மீனுக்கு?” என்றார் அமானுல்லா.

“அதுக்கு புரமோஷன். குறுக்கப் பேசாத. அப்புறம் காணாமப் போன ஏரியைக் கண்டுபிடிக்க ஒரு அலுவலகம் திறந்தாங்க. ஏரிப் பாதுகாப்பு அலுவலகம். கட்டடம் கட்ட நல்ல சமதரையா இடம் வேணுமே? எங்க கட்டினாங்க தெரியுமா?” வேதகிரி எங்களைச் சுற்றிப் பார்த்தார். “அந்த ஏரி மேலயே! இன்னிக்கும் அங்க உக்காந்துதான் ஏரியைத் தேடறாங்க!”

அமானுல்லா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அஞ்சுகம் மட்டும் சிரிக்கவில்லை.

“ஆமா, பச்சைப் பெயின்ட் அடிச்ச மாடிக் கட்டடம். எங்க வீட்டுக்கு எதிர்லதான்” என்றார்.

வேதகிரியின் முகம் தொங்கிப் போனது. “யம்மா, அது நானா இட்டுக்கட்டினதும்மா!”

“போன மனுவுக்கு வந்த பதிலு. இதை எதுத்துத்தான் மேலதிகாரிக்கு எழுதணும்” என்று அஞ்சுகம் மஞ்சப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வேதகிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் ஏரி ஏதும் இல்லை. ஏரிப் பாதுகாப்பு அலுவலகம் மட்டுமே உள்ளது. ஏரி இல்லாத இடத்தில் வெள்ளம் ஏற்பட வாய்ப்பில்லை. ஆகவே, மனுதாரரின் வீட்டுக்குள் புகுந்தது தண்ணீர் அல்ல எனத் தீர்மானித்து, மனு முடித்து வைக்கப்படுகிறது.”

அஞ்சுகத்தின் கண் கலங்கியிருந்தது. வேதகிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தொழிலில் தன்னை மிஞ்சிய ஆள் யாரென்று தேடுவதுபோல.

அமானுல்லாதான் அவர் தோளைத் தட்டினார். “மனசை விடாதீங்கண்ணா. உங்க புளுகுக்கு சீல் கிடையாது, அவ்வளவுதான்.”