பெருவாயனின் மடு

கோரை அடர்ந்த சதுப்புக் காட்டில் ஒரு மடு. அதில் பன்னிரண்டு நீர்யானைகள் கிடந்தன. பெருவாயன்தான் அங்கே ராஜா. வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொண்டான்.

மற்றவர்கள் ஆற்றங்கரைக்கு மேயப் போய் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே தடம். மிதித்து மிதித்து அது வாய்க்காலாகிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் அது வழியாகத்தான் மடுவுக்கு வந்தது. பெருவாயன் மட்டும் நகர மாட்டான். நகர்ந்தால் வேறு எவனாவது வந்து படுத்துவிடுவானாம்.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. மடு பாதியாய்ச் சுருங்கியது. இத்தனை பேர் கிடந்தால் தனக்கு என்ன மிஞ்சும் என்று பெருவாயன் பயந்தான். ஒவ்வொருவராகக் கடித்து விரட்டினான். கடைசியில் குட்டியோடு ஒருத்திதான் பாக்கி.

"அண்ணே, நாங்க நடக்கிறதாலதான் வாய்க்கால் திறந்து கெடக்கு. எங்களத் தொரத்தினா கோரை மூடிடும். அப்புறம் தண்ணி எப்படி வரும்?" என்றாள் அவள்.

"தண்ணிக்கு வழிகாட்ட நீ யாரு? ஆறு பெருகினா அதுவா வரும். கெளம்பு."

அவள் தயங்கினாள். குட்டியின் காதைக் கிழித்துவிட்டான். போய்விட்டாள்.

மலையில் மழை பெய்தது. ஆறு பெருகியது. வாய்க்காலை அதற்குள் கோரை அடைத்திருந்தது. விரட்டப்பட்டவர்கள் வேறு பக்கம் புதுத் தடம் போட்டிருந்தார்கள். வெள்ளம் அந்த வழியே போய்விட்டது.

பெருவாயன் சேற்றில் கிடந்தான். தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. முதுகில் நின்ற கொக்கு, "இனி மடு முழுக்க உங்களுக்குத்தான் அண்ணே. நல்லா காலை நீட்டிப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

சேற்றில் சாகக் கிடந்தவனைக் காப்பாற்ற லாரியோடு மனிதர்கள் வந்தார்கள். கட்டித் தூக்கி, மிருகக்காட்சி சாலையில் இறக்கினார்கள். சிமெண்டுத் தொட்டி. குழாய்த் தண்ணீர். பங்குக்கு ஆளில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்து மிரட்டினான். சிரித்தார்கள். வாய்க்குள் முட்டைக்கோஸ் எறிந்தார்கள்.

பக்கத்துக் கூண்டில் ஒரு கிழட்டுக் கரடி இருந்தது.

"ஏம்ப்பா, இந்தத் தொட்டிக்கு வேற நீர்யானை யாராவது வருமா?" என்று கேட்டான் பெருவாயன்.

"நான் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு கரடியும் வரல" என்றது அது.

பெருவாயன் தலையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டான்.

கூட இருப்பவர்களை விரட்டுகிறவன் தன் வாழ்வையும் சேர்த்தே விரட்டுகிறான்; புத்தி வரும்போது கூப்பிட ஆள் இருக்காது.