முயலின் ரோமமும் கரடியின் முத்திரையும்

மூங்கில் காட்டில் தீப்பிடித்த அன்று, ஒரு முயல்குட்டியின் முதுகில் கங்கு விழுந்துவிட்டது. தோல் வெந்துபோய்க் குட்டி துடித்தது.

வைத்தியர் ஆமை புண்ணைப் பார்த்தது. “தேனைத் தடவித் தாயின் வயிற்று ரோமத்தை வைத்துக் கட்டினால் பிழைக்கும். ஆனால் மருந்து அதிகாரி கரடியாரின் முத்திரை இல்லாமல் நான் கட்ட மாட்டேன், அம்மா!” என்றது.

தாய் முயல் தலைதெறிக்க ஓடியது. கரடி பாறைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

“ரோமம் யாருடையது?”

“என்னுடையதுதான்!”

“யாருக்கு?”

“என் குட்டிக்கு!”

“குட்டியிடம் சம்மதம் வாங்கினாயா?”

“அதற்கு இன்னும் கண்ணே திறக்கவில்லை, ஐயா!”

“அப்படியானால் கண் திறந்ததும் வா.”

முயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் மறுபடி போனது. ரோமத்தை ஏழு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னது கரடி. மூன்றாம் நாள், ரோமம் அதனுடையதுதான் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் கேட்டது. அதற்குள் குட்டியின் புண்ணில் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது.

“என் உடம்பில் முளைத்ததற்குச் சாட்சியா?” என்று கத்தியது முயல்.

“உடம்பைவிட்டுப் பிரிந்தால் அது மருந்து. மருந்தென்றால் முத்திரை வேண்டும். சட்டம்!”

“என் பாலும்தான் உடம்பைவிட்டுப் பிரிகிறது. அதற்கும் முத்திரை குத்துவீர்களா?”

கரடி யோசித்தது. “நல்லவேளை, ஞாபகப்படுத்தினாய்! பாலையும் சேர்த்துக்கொள்கிறேன்.”

முயல் தலையில் அடித்துக்கொண்டது. “இந்தச் சட்டத்தை எதற்காக ஐயா போட்டீர்கள்?”

“எல்லாம் அந்த நரியால்தான்! தூங்குகிற ஆடுகளின் ரோமத்தைத் திருடி மருந்தென்று விற்றான். அத்தனையும் பேன் பிடித்த ரோமம். அதைப் புண்ணில் கட்டிய இரண்டு அணில்கள் செத்தே போயின.”

“சட்டம் நியாயம்தான். நரியைப் பிடித்தீர்களா?”

“எப்படிப் பிடிப்பது? அவன் இன்னும் மனுவே போடவில்லையே! மனு போட்டால்தானே விசாரிக்க முடியும்?”

முயல் வளைக்கு ஓடி, வயிற்று ரோமத்தைக் கொத்தாகப் பிடுங்கியது.

“முத்திரை! முத்திரை!” என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தது கரடி.

“என்னைப் பிடித்துக்கொண்டு போங்கள்! நான்தான் மனு போட்டவளாச்சே!” என்று சொல்லிக்கொண்டே, தேனில் தோய்த்த ரோமத்தை முயல் புண்மேல் வைத்து அழுத்தியது. பக்கத்தில் நின்ற ஆமை வெட்கப்பட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்த குட்டி மெல்ல மெல்ல அடங்கித் தூங்கிப்போனது.

ஏமாற்றுகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம், தன் உடம்பிலிருந்து தன் பிள்ளைக்குக் கொடுக்கிறவளின் கையைத் தடுக்கக் கூடாது.