கொம்பையாவுக்குப் பதில் இவர்

புளிச்சங்குறிச்சியை, பஸ் திரும்புவதற்கு மட்டுமே பயன்படுகிற ஊர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமையில் சொல்வது. அவர்கள் ஊரில் தொலைக்காட்சி நேயர் மன்றம் உண்டா? இங்கே உண்டு. பன்னிரண்டு பேர், ஒரு டிவிப் பெட்டி, ஒரு தலைவர்.

தலைவர் கொம்பையா லேசுப்பட்ட ஆள் இல்லை. ஏழரை மணிக்கு வரும் ‘மருதாணிச் சபதம்’ தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். ஒருமுறை, “எங்கும் போயிடாதீங்க, ஒரு சின்ன இடைவேளை” என்று டிவியில் ஒரு பெண் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் கரண்ட் வரும்வரை பன்னிரண்டு பேரும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. “பொம்பளப் பிள்ள அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்கு. எந்திரிச்சா நல்லாவா இருக்கும்?” என்றார் கொம்பையா.

அப்பேர்ப்பட்டவர் தலையில் ஒரு வியாழக்கிழமை கல்லைப் போட்டுவிட்டார்கள். தொடரின் நாயகன் மகிழன் காலையில் ஆபீசுக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தது வேறு ஆள். மூக்கு வேறு, மீசை வேறு, குரலும் வேறு. திரையின் அடியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று இரண்டு வினாடி எழுத்து ஓடியது. மனைவி தேன்மதி கொஞ்சமும் தயங்காமல் அவனுக்குக் காபி கொடுத்தாள்.

“பெத்த தாயும் பக்கத்துலதான நிக்கா? அவளுக்குமா தெரியல?” என்று கொம்பையா பதறினார்.

“தெரியாம என்ன? அதான் எழுதிப் போட்டுட்டாங்கள்லா,” என்றான் செயலாளர் மாசானம். “எழுதிப் போட்டாச்சுன்னா அவன்தான் இவன்.”

“இவனுக்கு அழவே தெரியலையேடே. பழையவன் அழுதா கழுத்து நரம்பு தெரியும்.”

“ஆனா அண்ணாச்சி, இவன் காபியச் சிந்தாமக் குடிக்கான்,” என்றான் வைகுண்டம். யாரிடமும் நல்லதை மட்டுமே பார்ப்பான் அவன். வேறு வேலை வெட்டி கிடையாது.

கொம்பையாவால் தாங்க முடியவில்லை. “ஒரு பொண்ணு இருக்க வீட்டுல யாரோ புகுந்திருக்கான். நான் இங்க தின்னுட்டு உறங்கவா?” என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டார். “போனைப் பத்திரமா வச்சுக்கிடுங்க,” என்றாள் மனைவி சொர்ணக்கிளி. அவர் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ரயிலேறினார்.

சேனல் ஆபீஸ் வாசலில் காவலாளி, “இப்படி ஓரமா நில்லுங்க, சொல்றேன்” என்றார். கொம்பையா நின்றார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் இரக்கப்பட்டு பெஞ்சைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே பன் தின்றார், நின்றபடியே கண்ணயர்ந்தார். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் காவலாளியே வேறு ஆள். “யாருய்யா நீ?” என்று கேட்டார் அந்தப் புதுக் காவலாளி.

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளை மாற்றிவிட்டு எழுதிக்கூடப் போடாதவர்களிடம் நியாயம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த ரயிலில் ஊர் திரும்பினார்.

வீட்டு வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய அவர் தலை இந்தப் பக்கம், வைகுண்டத்தின் தலை அந்தப் பக்கம். நடுவில் ‘இவருக்குப் பதில் இவர்’. உள்ளே அவருடைய நாற்காலியில், அவருடைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வைகுண்டம் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

“ஆறு நாளா ஆளக் காணோம். அதுக்காகக் கதை நிக்கலாமா?” என்றான் மாசானம். “மாட்டுக்குத் தண்ணி காட்டணும், ரேஷனுக்குப் போகணும். எட்டு மணிக்குத் தொடர் முடிஞ்சதும் வைகுண்டம் அவன் வீட்டுக்குப் போயிருவான். ஒழுக்கமான பய.”

அதையாவது பொறுக்கலாம். மன்றத்தார் சொன்ன அபிப்பிராயம்தான் கொம்பையாவைச் சுட்டது.

“பழைய கொம்பையா கோபத்தை மூக்குலயே காட்டிருவாரு. அத மறுக்க முடியாது,” என்றார் ஒருவர். “ஆனா வீட்டு வேலைன்னு வந்தா எப்பவும் ஒரே நடிப்புதான். படுத்தே கிடப்பாரு.”

“புதுசா வந்தவரு நேத்து துணி காயப்போட்டாரு பாத்தீங்களா? எனக்குக் கண்ணு கலங்கிட்டு,” என்றார் இன்னொருவர்.

“முதல்ல மனசு ஒட்டல,” என்றாள் சொர்ணக்கிளி. “இப்பப் பழகிட்டு.”

கொம்பையா விம்மிவிட்டார். அடுப்பில் அயிலை மீன் குழம்பு கொதிக்கிறது. அவர் வீடு, அவர் மாடு, அவர் பெண்டாட்டி. உள்ளே போகத்தான் வழியில்லை. “நான்தானடே கொம்பையா! என் வீட்டுக்கு நான் வரக் கூடாதா?”

“மாத்துன ஆளு திரும்பி வந்ததா எந்தத் தொடர்லயும் இல்லையே அண்ணாச்சி,” என்று மாசானம் வருத்தப்பட்டான். மன்றம் அவசரமாகக் கூடி, அவரை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று ஆலோசித்தது.

“நினைவு தப்பி வரலாம்.”

“நினைவு தப்புனவருக்கு வீட்டுக்கு வழி எப்படித் தெரிஞ்சுது? செல்லாது.”

“செத்துப் பொழச்சு வரலாம்.”

“அதுக்கு ரெண்டு மாசம் ஆகும்.”

“இரட்டைப் பிறவித் தம்பியா வரலாம். தம்பி எப்ப வேணும்னாலும் வரலாம்.”

கொம்பையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பஸ் நிறுத்தம்வரை ஓடினார். யாரிடமோ ஒரு கூலிங் கிளாஸை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, “மதினி! மலேசியாவுலருந்து வாறேன்!” என்று கூப்பிட்டார்.

“அவரையே உரிச்சு வச்சிருக்கே! வாங்க தம்பி,” என்று சொர்ணக்கிளி மனம் குளிர வரவேற்றாள்.

மாசானம் நெற்றியைச் சுருக்கினான். “இரட்டைன்னா முகம் ஒண்ணுபோல இருக்கணும். தம்பி முகம் இப்படி இருக்கு, அண்ணன் முகம் அப்படி இருக்கு. அப்ப, நாற்காலியில இருக்கிறவன் போலி!”

“நான் போலியா?” வைகுண்டம் திடுக்கிட்டான். “ஆறு நாளா எனக்கே தெரியாமப் போச்சே!” துண்டை மடித்து வைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான்.

நாற்காலி காலியாயிற்று. கொம்பையா அதில் அப்பாடா என்று சாய்ந்தார்.

“இவன் போலின்னா, எங்க வீட்டுக்காரரு எங்க?” என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

மன்றத்தார் யோசித்தார்கள். கொம்பையாவும் யோசித்துப் பார்த்தார். “ஆறு நாளா எங்க அண்ணனை யாருமே தேடலையா?” என்று எழுந்துவிட்டார். “அண்ணனைக் கூட்டிட்டு வராம இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன் மதினி.”

கரும்பலகையிலிருந்த அண்ணன் போட்டோவைக் கொடுத்து, ‘காணவில்லை’ என்று சுவரொட்டி அடித்தார்கள். கொம்பையாவே பசை வாளியோடு ஊர் ஊராகப் போய் ஒட்டினார். ஒட்டும்போதெல்லாம் அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதார். மூன்றாம் நாள் ஒரு டீக்கடை வாசலில் ஒட்டிவிட்டுத் திரும்பியபோது, கடையில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், அலாக்காகத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு வந்து புளிச்சங்குறிச்சியில் இறக்கினார்கள்.

ஊரே கூடிவிட்டது. சொர்ணக்கிளி ஆரத்தி எடுத்தாள். மாசானம் வெடி வெடித்தான். “என் ராசா, வந்துட்டீங்களா!” என்று அவள் இலை போட்டு, சோறு வைத்து, அயிலைக் குழம்பை ஊற்றினாள். கொம்பையா கண்ணை மூடி முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதியில் நின்றது.

“தம்பி எங்க?”

“உங்களத் தேடித்தான போனாரு. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல, பாவம்.”

“பாவி மக்கா! மூணு நாளாச்சு, ஒருத்தனும் எந்தம்பியத் தேடலையா?” என்று கத்திய கொம்பையா, சோற்றுக் கையோடு எழுந்து பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.