காண்டாமிருகத்துக்கு முன்னாடி வெளக்குமாறு

கோவில்பட்டியில ஒரு மொட்டமாடி ரூம்ல மூணு பேரு வாடகைக்கு இருந்தானுங்க. மூணு பேரும் காலேஜுல படிக்கிறானுங்கன்னு சொன்னா அந்தக் காலேஜுக்குத்தான் அவமானம். ஒருத்தன் பூதப்பாண்டி. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிப்பான். கடிகாரம் ஒம்பதுன்னு காட்டினா, "அத யாரு சொன்னா?"ன்னு கேக்குற ஜாதி. இன்னொருத்தன் மிக்கேல், சாந்தமான முட்டாளு. மூணாவது கோமதிநாயகம், படிச்ச முட்டாளு. எதையும் ஒரு எழுத்து விடாம படிப்பான், படிச்சபடியே செய்வான். ரேஷன் கடை வாசல்ல "வரிசையில் நிற்கவும்"னு எழுதியிருந்தத பாத்துட்டு, கடை பூட்டிக் கெடந்த ஞாயித்துக்கெழமையில ரெண்டு மணி நேரம் தனியா வரிசையில நின்னவன்.

மூணு பேருக்கும் ஒரே கிறுக்கு, வேட்டைக் கார்டு. மிருகக் கார்ட விட்டு எதிராளிய முட்டணும், மாயக் கார்ட வச்சுத் தடுக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். அன்னைக்கு மதுரையில பெரிய போட்டி. மூணு பேருக்கும் சேத்துக் கெடச்சது ஒரே ஒரு அனுமதிச் சீட்டு. ஒரு மணிக்குள்ள போயிப் பேரு குடுக்கணும். பத்தரைக்குப் பஸ்ஸு. யாரு போறதுன்னு ஆடித்தான் முடிவு பண்ணணும்னு காலையிலயே உக்காந்துட்டானுங்க. பூதப்பாண்டி ரெண்டு வருஷமா இந்தப் போட்டியத்தான் கனாக் கண்டுக்கிட்டு இருந்தான். பரீட்சை ஒரு தடவகூட அவன் கனாவுல வந்ததில்ல.

மொத ஆட்டத்துலயே தோத்துட்ட கோமதி நடுவரா உக்காந்தான். கையில விதித்தாளு, தலைக்கு மேல தண்ணி மோட்டார் சுவிட்சு.

பூதப்பாண்டி காண்டாமிருகத்தப் போட்டான். "முட்டுது. நீ செத்தலே."

மிக்கேல் நிதானமா ஒண்ண வச்சான். "பள்ளம். ஒம் மிருகம் உள்ள விழுந்துரும்."

"பாலம்," பூதப்பாண்டி அதுமேல ஒண்ணப் போட்டான். "ஒம் பள்ளத்த மூடியாச்சு."

கோமதி தொண்டைய செருமிக்கிட்டு தாள வாசிச்சான். "ஒருவர் செய்ததற்கு மற்றவர் பதில் தரலாம். பதிலுக்கும் பதில் தரலாம். எல்லாரும் முடித்த பிறகு, கடைசியாக வந்தது முதலில் நடக்கும், முதலில் வந்தது கடைசியில் நடக்கும். நடக்கத் தொடங்கிய பின் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது."

அதாவது, மொதல்ல பாலம், அப்புறம் பள்ளம், அப்புறம் முட்டு. பள்ளந்தான் மூடியாச்சே, காண்டாமிருகம் ஜம்முனு ஓடிவந்து மிக்கேல முட்டும், பூதப்பாண்டி மதுரைக்குப் போவான். இதுவரைக்கும் இவனுங்களுக்கே புரிஞ்சுது, அதான் ஆச்சரியம்.

அந்த நேரம் பாத்து வீட்டுக்கார அக்கா படியேறி வந்தாங்க. "தம்பிங்களா, டேங்கு வழியுது. மோட்டார நிறுத்துங்க."

கோமதி பென்சில எடுத்தான். "நாலாவது. மோட்டார நிறுத்துறது."

"ஏலே, அக்கா எங்கலே ஆட்டத்துல இருக்காங்க?" பூதப்பாண்டி எந்திரிச்சுட்டான்.

"தாள்ல 'மற்றவர்'னு போட்டிருக்கு. அக்கா நீயா?"

"இல்ல."

"நானா? மிக்கேலா?"

"இல்ல."

"அப்ப மற்றவருதான."

பூதப்பாண்டி மொணங்கிக்கிட்டே உக்காந்தான்.

மிக்கேல் மரியாதையாக் கேட்டான். "அக்கா, இன்னும் ஏதும் பதில் இருக்கா? இல்லன்னா ஆரம்பிச்சிருவோம்."

"ஒங்களுக்கெல்லாம் வாயால பதில் சொன்னா ஆவாதுப்பா. வெளக்குமாத்தால ஆளுக்கு நாலு போடணும்."

"அஞ்சாவது, வெளக்குமாறு, ஆளுக்கு நாலு," எழுதி அடியில கோடு போட்டான் கோமதி. "சரி, நடக்கட்டும்."

அக்கா தலையில அடிச்சுக்கிட்டு தானே சுவிட்சுக்குக் கைய நீட்டினாங்க. மூணு பேரும் குறுக்க விழுந்தானுங்க.

"தொடாதீங்கக்கா. அது நாலாவது. அஞ்சாவது இன்னும் நடக்கல."

"என்னப்பா அஞ்சாவது?"

"நீங்க எங்கள அடிக்கிறது."

அக்கா ஒரு எட்டு பின்னால போனாங்க. "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்ப்பா."

"இப்ப நீக்க முடியாதேக்கா," கோமதி நெசமாவே வருத்தப்பட்டான்.

தண்ணி வாசப்படி தாண்டி ரூமுக்குள்ள வந்துருச்சு. மணி பத்து. பூதப்பாண்டி கணக்குப் போட்டுப் பாத்தான். அடி விழுந்தாத்தான் மோட்டார் நிக்கும், மோட்டார் நின்னாத்தான் பாலம், அப்புறந்தான் காண்டாமிருகம் நகரும், அது முட்டினாத்தான் மதுரை. மூலையில கெடந்த வெளக்குமாத்த அவனே எடுத்து அக்கா கையில குடுத்துட்டுக் குனிஞ்சு நின்னான்.

"அடிங்கக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மாட்டேம்ப்பா. நாளைக்கு ஒங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"பதிலெல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. அடிங்க."

"இருலே," மிக்கேல் குறுக்க வந்தான். "ரூமுக்குக் கடைசியா குடி வந்தவன் நான். மொத அடி எனக்குத்தான்."

"கடைசியாப் பொறந்தவன் நான்லே," பூதப்பாண்டி நிமுந்தான். " எனக்குத்தான்."

இப்படி இவனுங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கையில, மாடியில காயப்போட்டிருந்த அக்காவோட கூழ்வத்தல் வரிசையா மெதந்து ரூம் வாசல தாண்டிப் போச்சு. அக்கா அதப் பாத்தாங்க. அதுக்கப்புறம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லாமப் போச்சு.

"அக்கா," அடி ஓஞ்சப்புறம் கோமதி முதுகத் தடவிக்கிட்டே சொன்னான், "எனக்கு அஞ்சு விழுந்திருக்கு. ஒண்ணத் திருப்பி எடுத்துக்கோங்க."

மோட்டார் நின்னுச்சு. பாலம் முடிஞ்சுது, பள்ளம் முடிஞ்சுது. காண்டாமிருகத்தத் தேடினா, அது கணுக்கால் தண்ணியில தானா மெதந்து போயி மிக்கேல் கால்ல இடிச்சு நிக்குது. மிக்கேல் நேர்மையானவன்.

"முட்டிருச்சு. செத்தேன்"னு தண்ணியிலயே மல்லாந்து படுத்துட்டான்.

பூதப்பாண்டி சீட்டப் பல்லுல கடிச்சுக்கிட்டு, சொட்டச் சொட்ட பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். வழியனுப்ப கோமதியும், செத்துப்போன மிக்கேலும் பின்னாலயே ஓடினானுங்க. பஸ்ஸு உறுமிக்கிட்டு நிக்குது. கண்டக்டர் கத்துறாரு: "ம்ம், சீக்கிரம் ஏறு, டிக்கெட்ட வாங்கு, மதுரை மாட்டுத்தாவணியில எறங்கு."

படியில வச்ச கால பூதப்பாண்டி கீழ எடுத்துட்டான். கோமதி வெரல் விட்டு எண்ணினான்.

"கடைசியாச் சொன்னது எறங்குறது."

"அதுக்கு முன்னாடி டிக்கெட்டு," மிக்கேல் சொன்னான்.

"அப்ப ஏறுறது கடைசியிலதாம்லே."

வாழ்க்கையிலயே மொத தடவையா பூதப்பாண்டி ஒரு வார்த்தகூட எதுத்துப் பேசல. பேண்ட மடிச்சு விட்டுக்கிட்டு, வடக்க மதுர ரோட்டப் பாத்து விறுவிறுன்னு நடந்தான்.

பஸ்ஸு பக்கத்துல வந்ததும் கண்டக்டர் எட்டிப் பாத்தாரு. "தம்பி, மதுரை நூறு கிலோமீட்டருப்பா. ஏறலையா?"

"ஏறாம எங்க போறேன்?" பூதப்பாண்டி நடைய நிறுத்தல. "மொதல்ல எறங்கிட்டு வந்துர்றேன்."