இருபத்தேழு புளியங்கொட்டைகள்

அன்று காலை மடத்து முற்றத்தில் இருந்தவர்கள் நாற்பது பேர்.

சாமியம்மா ஒருவர். அவருடைய சீடர் மாசிலாமணி ஒருவர். புளியமரத்தில் கட்டப்பட்டிருந்த வண்டியோட்டி வெயிலுமுத்து. அவன் ஓட்டிய மாடுகளுக்குச் சொந்தக்காரர் தவசிலிங்கம். பந்தயக் குழுத் தலைவர் பால்வண்ணம். மாட்டாஸ்பத்திரியில் மருந்து கட்டும் மேரி. ஆக ஆறு பேர். மீதி முப்பத்து நான்கு பேரும் ஊர்க்காரர்கள்.

செவலை மாடு ஒன்றும் படுத்திருந்தது. மாட்டை ஆள் கணக்கில் சேர்க்கும் வழக்கம் இல்லை. மாசிலாமணி சேர்த்துக்கொண்டார். அவர் கணக்கில் நாற்பத்தொன்று.

மாசிலாமணி முப்பது வருஷம் உப்புக் கிட்டங்கியில் மூட்டை எண்ணியவர். ஒரு மூட்டைகூடத் தவறியதில்லை. வேலை முடிந்து மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது வயது. சாமியம்மா அவரைவிட ஒன்பது வயது இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார். அதற்கு மேல் அதிகம் பேசமாட்டார். மாசிலாமணியின் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

முந்தின நாள் ஊரில் மாட்டு வண்டிப் பந்தயம் நடந்தது. மூன்று கிலோமீட்டர் போய், எல்லையில் கொடி வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். மடத்து வாசல் அந்த வழியில்தான் இருக்கிறது. வெயிலுமுத்து இரண்டாவதாக வந்தான். மாடுகளை அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிப்போகையில் வலத்து மாடான செவலை மடத்து முன்னால் படுத்துவிட்டது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. பின்தொடையெல்லாம் ரத்தம்.

வெயிலுமுத்துவின் கம்பை வாங்கிப் பார்த்தார்கள். நுனியில் நூல் சுற்றி ஒரு ஆணியை மறைத்து வைத்திருந்தான். கம்பில் ஆணி கூடாது என்பது பந்தய விதி.

பந்தயத்தை ஒருவர் செல்போனில் படம் எடுத்திருந்தார். விடிவதற்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஊர்ப்பெயரைச் சொல்லித் திட்டினார்கள். பொழுது விடிந்ததும் வெயிலுமுத்துவை வீட்டிலிருந்து இழுத்துவந்து கட்டிவிட்டார்கள்.

தவசிலிங்கத்தின் கையில் அந்தக் கம்பு இருந்தது.

“என் மாடு பட்ட பாட்டை இவன் படணும். இதே ஆணி. இதே தொடை,” என்றார்.

“போலீசுக்குச் சொல்லலாமே?” என்றாள் மேரி.

பால்வண்ணம் அவசரமாகக் கையைத் தூக்கினார். “கேஸ்னு ஆயிட்டா அடுத்த வருஷம் பந்தயத்துக்கு அனுமதி கிடைக்காதும்மா. நமக்குள்ளயே முடிச்சுக்கிடுவோம். சாமியம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும், ஊர் கட்டுப்படும்.”

எல்லாரும் சாமியம்மாவைப் பார்த்தார்கள். அவர் செவலையின் முகத்தருகே உட்கார்ந்து, வேப்பங்குழையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகக் கோபத்தில் இருந்தவர் மாசிலாமணி. அது வெளியே தெரியவில்லை. அவர் குருவின் பக்கத்தில் போய் நின்றார்.

“அம்மா, வாயில்லாத ஜீவன். அதை இப்படிச் செய்தவனுக்கு எவ்வளவு தண்டனை கொடுத்தால் நியாயம்?”

“எத்தனை காயம் அண்ணாச்சி?”

மாசிலாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. “எண்ணவில்லை அம்மா.”

“எண்ணிட்டு வாங்க.”

மரத்தடியில் புளியங்கொட்டைகள் கிடந்தன. அவர் ஒரு கை அள்ளிக்கொண்டார். மேரி ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்துக் காட்டக் காட்ட, ஒரு காயத்துக்கு ஒரு கொட்டை வீதம் கல்லின் மேல் வைத்தார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

“இருபத்தேழு.”

“சரி. ஒரு காயத்துக்கு ஒரு குத்து. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எல்லாருக்கும் சம்மதமா?” என்றார் சாமியம்மா.

“சம்மதம்!” என்றது கூட்டம்.

மாசிலாமணிக்கு அது பிடித்திருந்தது. திருத்தமான கணக்கு.

வெயிலுமுத்து மடத்து வாசலைப் பார்த்தான். “என் வீட்டுக்காரியை இந்தப் பக்கம் வர விட்டுராதீங்க,” என்றான்.

தவசிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

“பொறுங்க,” என்றார் சாமியம்மா. “கணக்கைச் சரிபார்த்துட்டு ஆரம்பிப்போம். படம் எடுத்தவர் யாரு?”

“நான்தான் தாயி!” இசக்கிராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “பைக்குல பின்சீட்டுல உட்கார்ந்து முழுசா எடுத்தேன். பதினாலு நிமிஷம்.”

“போனை இந்தக் கல்லு மேல கவிழ்த்து வை. சத்தமா வை.”

“கவிழ்த்து வச்சா படம் எப்படித் தெரியும்?”

“படத்தை நேத்துல இருந்து பார்த்தாச்சு. இப்போ கேட்போம்.” பிறகு மரத்தடியைப் பார்த்தார். “தம்பி, எங்கெங்க குத்தினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு தாயி.”

“அந்த இடம் வரும்போது சொல்லு. அதுக்கு முன்னால யார் குரல் கேக்குதோ, அவங்க ஒரு கொட்டை எடுத்துக்கிடட்டும்.”

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ விளையாட்டுப்போலச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

போன் இரைந்தது. சக்கரச் சத்தம், சலங்கைச் சத்தம், பைக்குகளின் ஹாரன். அதற்கு மேலே ஒரு மைக்குக் குரல்: “வெயிலுமுத்து வண்டி பின்தங்குகிறது... பின்தங்குகிறது!”

“இங்க ஒண்ணு,” என்றான் வெயிலுமுத்து.

எல்லாரும் பால்வண்ணத்தைப் பார்த்தார்கள்.

“ஏல, நான் அறிவிப்புத்தானே செஞ்சேன்?”

“அதைக் கேட்டுத்தான் தலைவரே குத்துனேன்.”

யாரோ சிரித்தார்கள். பால்வண்ணம் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டார். பந்தயம் நெடுக அவர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு மூன்று கொட்டைகள் சேர்ந்தன.

அடுத்தாற்போல் ஒரு கட்டைக் குரல்: “குத்துல! நல்லாக் குத்துல! மாடா அது, மண்பானையா?”

முற்றமே சிரித்தது. “டீக்கடைச் சங்கிலியண்ணன்வே! டீ ஆத்தும்போதும் இந்தத் தொண்டைதான்!”

சங்கிலியும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார். இரண்டாவதை எடுக்கும்போது சிரிப்புப் பாதியாகிவிட்டது. மூன்றாவதை யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்தார்.

பைக்கில் துரத்திப்போன அண்ணன் தம்பி இருவரின் குரல்கள் நாலு இடத்தில் கேட்டன.

“அது இவன் குரல்.”

“பொய் சொல்லாத. நான் உன் பின்னால இருந்தேன், என் காதுல கத்துனது நீதான்.”

“ஆளுக்கு ரெண்டா எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வீட்டுல போய்ப் பேசுங்க,” என்றார் சாமியம்மா.

வெவ்வேறு இடங்களில் ஏழு பேர் ஆளுக்கொரு கொட்டை எடுத்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

“ரெண்டாவதா வரவா தவிடும் பருத்திக்கொட்டையும் போட்டு வளர்த்தேன்? உரிச்செடுல அதை!”

“இங்க ரெண்டு,” என்றான் வெயிலுமுத்து.

தவசிலிங்கம் கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டை எடுத்தார். கொடி வாங்கித் திரும்பும்போது மறுபடியும் அவர் குரல் கேட்டது. மறுபடியும் இரண்டு. இந்தமுறை கம்பைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தார். எடுத்த பிறகு கம்பைத் தேடவில்லை.

வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. மடத்து வாசலைக் கடக்கும் இடம். கூட்டத்து இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய குரல், கீச்சென்று, மூச்சு வாங்க: “போடு! விட்டுராத, போடு! போடு!”

“இங்க ஒண்ணு.”

“யாருல அது?”

“நம்மூர்க் குரல் மாதிரியே இல்லையே.”

“வெளியூர்க்காரனா இருக்கும். மேல ஓட்டு.”

மாசிலாமணி அசையவில்லை.

தூசி உள்ளே வராமல் இருக்க வாசல் கதவைச் சாத்தத்தான் அவர் நேற்று வெளியே போனார். வண்டிகள் வந்துவிட்டன. முன்வண்டிக்கும் செவலையின் வண்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருந்தது. அதன் பிறகு கதவைச் சாத்தியது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தது இப்போது போன் சொல்லித்தான் தெரிகிறது.

குருவைப் பார்த்தார். அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இசக்கிராஜைப் பார்த்தார். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கல்லின் மேல் ஒரு கொட்டை கூடுதலாக இருக்கும்.

“அது நான்தான்,” என்றார்.

முப்பத்து ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசிலாமணி கல்லருகே போய் ஒரு கொட்டையை எடுத்தார். விரல்களுக்குள் இரண்டு வந்துவிட்டன. ஒன்றைத் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு வண்டி கண்மாய்க் கரையில் ஏறியது. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது, மைக்குச் சத்தமும் எட்டாது. சக்கரமும் சலங்கையும் மாட்டின் மூச்சும் மட்டும் கேட்டன.

“இங்க ஒண்ணு,” என்றான் வெயிலுமுத்து. “இங்க ஒண்ணு. இங்க... இங்க... இங்க ஒண்ணு.”

“யாருமே கத்தலையே வே,” என்றார் ஒருவர்.

“இல்ல. அந்த அஞ்சும் என்னோடது.”

போன் ஓய்ந்தது. இசக்கிராஜ் அதை எடுத்துத் துடைத்தான்.

“பாத்தீங்களா தாயி, ஒரு இடத்துலகூட என் குரல் இல்ல.”

“இல்லை,” என்றார் சாமியம்மா. “பதினாலு நிமிஷமும் இல்லை.”

இசக்கிராஜ் போனைச் சட்டைப்பையில் வைத்தான். எடுத்து இன்னொரு பையில் வைத்தான்.

“கல்லு மேல எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?”

“ஐந்து.”

“அப்போ ஆரம்பிக்கலாம். கொட்டை எடுத்தவங்க ஒவ்வொருத்தரா மரத்தடிக்கு வந்து, அவங்கவங்க குத்தை வாங்கிக்கிடுங்க. கம்பு அங்க கிடக்கு.”

பதிமூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பால்வண்ணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பேர் மெல்லப் பின்னால் நகர்ந்து, யாருடைய முதுகுக்கோ பின்னால் நின்றுகொண்டார்கள்.

மேரி காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நீங்க என்னமும் செய்யுங்க. இதை வேப்பிலைத் தண்ணி விட்டு தினமும் கழுவி மருந்து போடணும். ஒவ்வொண்ணும் ஆழம். ஒண்ணை விட்டாலும் புழு வச்சிரும்,” என்றாள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் சாமியம்மா. “அவங்கவங்க கொட்டைக்கு அவங்கவங்க காயம். நாளைக் காலைல வந்து கழுவுங்க. அண்ணாச்சி, அந்தத் தம்பியை அவிழ்த்துவிடுங்க.”

முடிச்சு இறுகியிருந்தது. மாசிலாமணிக்கு அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. அவர் நிமிர்ந்தபோது முற்றத்தில் ஏழு பேர்தான் நின்றார்கள்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவன் வெயிலுமுத்து. வேப்பிலை வேகவைத்து, ஆறவைத்து, ஐந்து காயங்களைக் கழுவினான். செவலை அவன் வாடையைக் கண்டதும் உடம்பைச் சிலிர்த்தது. அவன் கையை எடுத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்தான். ஐந்தாவது முடியும்போது அது சிலிர்க்கவில்லை.

தவசிலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “என் மாட்டை நானே கழுவ எனக்கு ஒரு தீர்ப்பு.” ஆனாலும் நாலு காயத்தைக் கழுவினார். சங்கிலி தூக்குவாளியோடு வந்தார். “யாரும் வாயைத் திறக்காதீங்க, இது டீ இல்ல. செவலைக்குக் கழுநீர்.” அவர் மூன்று கழுவினார். ஒற்றைக் கொட்டை எடுத்த ஏழு பேரில் மூன்று பேர் வந்தார்கள்.

மாசிலாமணி ஒன்றைக் கழுவினார். தான் கத்தியதால் விழுந்த காயம் எது என்று தேடிப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவில் இருந்தன. கடைசியில் கைக்கு எட்டியதைக் கழுவினார்.

வெயில் ஏறியது. வாசற்படியில் நாலு கொட்டைகள் கிடந்தன. அண்ணன் தம்பி இருவரும் எப்போது வந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை. பால்வண்ணம் தம்முடைய மூன்றையும் காகிதத்தில் மடித்து ஆள்மூலம் அனுப்பியிருந்தார். மற்ற நாலு பேரிடமிருந்து தகவலே இல்லை.

மாசிலாமணி ஈக்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குருவிடம் போனார்.

“கழுவியது பதினாறு அம்மா. இனி யாரும் வருகிற மாதிரித் தெரியவில்லை.”

“சரி.”

“நாமே கழுவிவிட்டால் கணக்குத் தவறிவிடும். அது அவர்களுடைய பங்கு. அவர்களுக்குத் தண்டனை இல்லாமல் போய்விடும். அது நியாயமா?”

சாமியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். செவலையின் தொடைப்பக்கம் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எது யாரோட பங்குன்னு செவலைக்குத் தெரியாது. தண்ணி கொண்டாங்க அண்ணாச்சி.”

மாசிலாமணி வாளியை எடுத்தார். பதினொன்று மிச்சம் இருந்தது.